கேர்பல் இழுக்கிறது என்று அழித்துவிடாதீர்கள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

போன மாதம் ஒரு பின்னேரம் உவர்மலையிலிருந்து அக்காவின் மகன் போன் எடுத்தான். ரொக்கெட் கட்டிப் பறக்கவிடும் கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கணினி கேமை விளையாடுபவன். "மாமா, கேர்பல் சரியா இழுக்குது. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் திரும்ப இறக்கட்டா?" "ஒண்டையும் அழியாத, நான் வாறன்" என்று சொல்லிவிட்டு உப்புவெளியிலிருந்து வெளிக்கிட்டேன். நான் போய்ச் சேரமுன் ஃபோல்டரோடு அழித்துவிட்டான். ஏழு மாதமாகத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டிய விண்வெளி நிலையமும் அதோடு போய்விட்டது. நள்ளிரவு டேட்டா தொடங்கும்வரை விழித்திருந்து திரும்ப இறக்கி, நிறுவி, ஓட்டிப் பார்த்தோம். அதே இழுவை. பிழை கேமில் இருக்கவில்லை. லப்டொப்பின் விசிறியில் தூசு அடைத்திருந்தது.

அவன் அழுததைப் பார்த்த பிறகுதான் இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் பழுதானால் எங்கே பழுது என்று அதுவே காட்டும். அதைப் பார்க்கத் தெரிந்தால் போதும். அழித்துத் திரும்பப் போட வேண்டிய தேவை மிக அரிதாகத்தான் வரும்.

மெக்சிக்கோவின் ஸ்குவாட் நிறுவனம் 2011இல் முதன்முதலாக வெளியிட்ட கேம் இது. 1.0 பதிப்பு 2015இல் வந்தது. இப்போது பெரும்பாலானோரிடம் இருப்பது 1.12 வரிசை. கீழே உள்ளவை அந்த வரிசைக்கும் விண்டோஸ் கணினிக்கும் உரியவை. இரண்டாம் பாகம் முற்றிலும் வேறு கேம், அதற்கு இவை பொருந்தா.

கைவைக்க முன்

கேம் இருக்கும் ஃபோல்டருக்குள் 'சேவ்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே பென்டிரைவில் பிரதி எடுங்கள். இரண்டு நிமிட வேலை.

அடுத்தது, கேமின் முழு ஃபோல்டரையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைப்பது. இந்தக் கேமை இன்னோர் இடத்தில் பிரதி போட்டு, அங்கிருந்தே நேரடியாக ஓட்டலாம். ஆகவே ஒரு பிரதியில் மொட் (கேமோடு மற்றவர்கள் செய்து தரும் சேர்க்கை) எதுவும் போடாமல் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். மொட்களை மற்றதில் போடுங்கள். பழுது வந்தால் முதலில் சுத்தமான பிரதியைத் திறந்து பாருங்கள். அதிலும் அதே பழுது இருந்தால் கணினியையோ கேமின் அமைப்பையோ பார்க்க வேண்டும். அதில் இல்லையென்றால் பழுது மொட்டில். பாதித் தேடல் இதோடு முடிந்துவிடும். 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் மட்டும் வைக்காதீர்கள். அங்கே எழுத விண்டோஸ் சில நேரம் அனுமதிக்காது, பிறகு சேமிப்பிலும் மொட்டிலும் விளங்காத கரைச்சல்கள் வரும்.

மூன்றாவது, கேம் தான் செய்வதை வரிவரியாக எழுதிவைக்கும் லொக் கோப்பு. கேம் ஃபோல்டரில் 'கேஎஸ்பி' என்ற பெயரில் இருக்கும். நோட்பேடில் திறக்கலாம். கேமை மறுபடி திறந்தால் பழைய லொக்கின் மேல் புதியது எழுதப்படும். எனவே பழுது வந்த கையோடு அதையும் பிரதி எடுத்துவிடுங்கள்.

ரொக்கெட் மெதுவாக நகர்கிறது, மணிக்கூடு மஞ்சளாகிறது

பறக்கும்போது திரையின் இடது மேல் மூலையில் பயண நேரம் ஓடுமே, அதன் நிறத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பச்சையென்றால் கேமின் ஒரு செக்கன் உங்கள் ஒரு செக்கனுக்குச் சமம். மஞ்சளென்றால் கணக்குப் போட்டு முடிக்க நேரம் போதாமல் கேம் நேரத்தை இழுத்துப் பிடிக்கிறது. சிவப்பென்றால் நிலைமை மோசம்.

மஞ்சள் வந்தவுடன் பலர் செய்வது படத்தின் தரத்தைக் குறைப்பது. அதனால் பெரும்பாலும் ஒன்றும் மாறாது. காரணம் இதுதான்: கேர்பலில் ஒரு கலம் என்பது ஒரே பொருள் அல்ல. ஒவ்வொரு தாங்கியும், ஒவ்வொரு எஞ்சினும், ஒவ்வொரு சிறு விளக்கும் தனித் துண்டு. ஒவ்வொரு துண்டும் அடுத்ததோடு ஒரு மூட்டால் பிணைந்திருக்கிறது. அந்த மூட்டுகளில் விழும் இழுவிசையை, திருகலை, வெப்பத்தை ஒரு செக்கனுக்குப் பல தடவை கணக்கிட வேண்டும். ஒரு கலத்துக்கான அந்தக் கணக்கில் பெரும்பகுதி பிராசசரின் ஒரே கோரில்தான் (கணக்குப் போடும் பகுதிகளில் ஒன்றில்தான்) ஓடுகிறது. எட்டுக் கோர் இருந்தாலும் மற்ற ஏழும் பெரிதாக உதவா. கிராஃபிக்ஸ் கார்டுக்கு இந்த வேலையில் பங்கே இல்லை.

ஆகவே மருந்து துண்டுகளைக் குறைப்பதுதான். ஆறு சிறு தாங்கிகளை அடுக்குவதற்குப் பதில் ஒரு பெரிய தாங்கி போடுங்கள். அலங்காரத்துக்கு ஒட்டிய சட்டங்களைக் கழற்றுங்கள். சுற்றுப்பாதையில் நிலையம் கட்டுவோர் இன்னொன்றை நினைவில் வைக்க வேண்டும்: இரண்டு கலங்கள் ஏறக்குறைய 2.3 கிலோமீட்டருக்குள் நெருங்கியவுடன் இரண்டின் துண்டுகளுக்கும் சேர்த்துக் கணக்கு ஓடும். தூரத்தில் வழுக்கிக்கொண்டு வந்த கலம் நிலையத்தை நெருங்கியதும் திடீரென்று திக்குவது இதனால்தான். இணைத்து முடித்ததும் துண்டைக் கொண்டுவந்த கலத்தைப் பிரித்து அனுப்பிவிட்டால் நிலையம் மூச்சுவிடும்.

அமைப்புகளில் திரையில் வரும் ஒரு படத்துக்கு (ஃபிரேமுக்கு) அதிகபட்ச இயற்பியல் நேரம் என்று ஓர் அளவு உண்டு, 0.03 முதல் 0.12 வரை நகர்த்தலாம். குறைத்தால் படம் வழுவழுப்பாக ஓடும், ஆனால் கேமின் நேரம் மெதுவாகும். கூட்டினால் நேரம் சரியாக ஓடும், படம் குதிக்கும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் கணினியின் பலம் கூடாது. நான் 0.03இல் வைத்திருக்கிறேன். தரையிறங்கும்போது படம் குதிப்பதைவிட நேரம் மெதுவாக ஓடுவது நல்லது.

மணிக்கூடு பச்சையாகவே இருக்கிறது, ஆனால் தரைக்கருகில் மட்டும் இழுக்கிறது என்றால் கதை வேறு. கமராவைத் திருப்பி வானத்தைப் பாருங்கள். உடனே படம் இலகுவாக ஓடினால் சுமை நிலமும் கடலும் வரைவதில். அப்போதுதான் படத்தரத்தில் கைவைக்க வேண்டும்: நிலத்தின் நுணுக்கம், நில ஷேடர், நிழல்கள் என்று ஒவ்வொன்றாகக் குறையுங்கள். முகில், வளிமண்டல ஒளி, நில அழகு தரும் ஸ்கட்டரர், ஈவிஈ, பரலக்ஸ் போன்ற மொட்கள் இருந்தால் சந்தேகம் முதலில் அவற்றின் மேல். லப்டொப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் இருந்தால் கேம் சிறியதில் ஓடுகிறதா என்று டாஸ்க் மனேஜரில் பாருங்கள். விண்டோஸின் திரை அமைப்புகளுக்குள் கிராஃபிக்ஸ் பகுதியில் கேமைச் சேர்த்து, பெரியதைத் தெரிவு செய்யலாம்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு இழுக்கிறது

மருமகனின் லப்டொப்பில் இருந்தது இதுதான். எங்கள் ஊரில் இதை எல்லாருக்கும் முதலில் சொல்ல வேண்டும். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கும்போது பின்னேரம் நான்கு மணிக்கும் அறை அடுப்படிபோல் இருக்கும். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்பு ஈரம் தூசைப் பசைபோலாக்கி விசிறி இதழிலும் வெப்பத்தகட்டிலும் அப்பிவிடும். சூடு எல்லை தாண்டியதும் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ஒரே கோரின் வேகத்தை நம்பி ஓடும் கேர்பல் அதை உடனே காட்டிக்கொடுக்கும்.

டாஸ்க் மனேஜரின் செயற்பாட்டுப் பக்கத்தில் பிராசசரின் வேகம் கிகாஹேர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். கேமைத் தொடங்கியவுடன் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். இழுக்கத் தொடங்கியதும் மறுபடி பாருங்கள். பாதியாக விழுந்திருந்தால் நோய் சூடுதான்.

முதலில் லப்டொப்பை மெத்தையிலிருந்தோ மடியிலிருந்தோ எடுத்து மேசையில் வையுங்கள். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்கு முண்டு கொடுத்து உயர்த்துங்கள். பிறகு விசிறியைச் சுத்தம் செய்யுங்கள். கழற்றத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆனால் விசிறியைத் துடைக்கத்தான் கொடுக்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை "கேம் இழுக்குது" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். கடைக்காரர் முழுவதையும் ஃபோர்மட் பண்ணிக் கொடுத்தார். மின் அமைப்புகளில் பிராசசரின் அதிகபட்ச நிலையை 100 வீதத்திலிருந்து 99 ஆக்கிப் பாருங்கள். பல இன்டெல் லப்டொப்களில் இது டேர்போவை, அதாவது வேகத்தைத் தற்காலிகமாகக் கூட்டும் வசதியை, நிறுத்திவிடும். உச்ச வேகம் கொஞ்சம் குறைந்தாலும் அது விழாமல் நிலையாக நிற்கும்.

சில செக்கன்களுக்கு ஒருமுறை ஒரு சிறு உதறல்

மணிக்கூடு பச்சை, சூடும் இல்லை, ஆனால் ஒழுங்கான இடைவெளியில் படம் ஒரு கணம் நின்று போகிறது. இது குப்பை அள்ளும் வேலை. கேம் ஓடுவது யூனிட்டி எஞ்சினில். பயன்படுத்தி முடிந்த நினைவகத்தை அது அவ்வப்போது கூட்டி அள்ளும், அள்ளும்போது மற்றதெல்லாம் நிற்கும். அந்தக் குப்பையைச் சேர்ப்பது பெரும்பாலும் மொட்கள்தான். எண்களை நொடிக்கு நொடி மாற்றிக் காட்டும் பெட்டிகளில் தேவையில்லாதவற்றை மூடிப் பாருங்கள்.

லோடிங் திரையில் நின்றுவிட்டது

முதலில் பொறுத்திருங்கள். நூறு மொட் போட்ட கேம் பழைய ஹார்ட் டிஸ்கில் இருபது நிமிடம் எடுப்பது புதுமையல்ல. ஒரே பெயரில் அசையாமல் நின்றால் கேமை மூடி, லொக் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். எந்தத் துண்டை ஏற்றும்போது நின்றதோ அதன் பாதை அங்கே எழுதியிருக்கும். பாதையில் கேம்டேட்டா (துண்டுகளும் மொட்களும் இருக்கும் ஃபோல்டர்) என்பதற்கு அடுத்து வரும் ஃபோல்டர் பெயர்தான் குற்றவாளியின் வீடு. அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். அந்த வீடு 'ஸ்குவாட்' என்றால் கேமின் சொந்தக் கோப்புதான் கெட்டிருக்கிறது. ஸ்டீமில் வாங்கியவர்கள் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தால் கெட்டவற்றை மட்டும் திரும்ப இறக்கும். நீங்கள் சேர்த்த மொட்களைத் தொடாது.

கேமுக்கு முன் வரும் சிறு சாளரமான லோஞ்சரே திறக்கவில்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். கேம் ஃபோல்டருக்குள் இருக்கும் 64 பிட் செயலியை நேரே இரட்டைக் கிளிக் செய்தால் போதும்.

மொட் போட்டேன், காணவில்லை

என்னிடம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இது. ஜிப்பைப் பிரித்தால் பெரும்பாலும் அதற்குள்ளேயே கேம்டேட்டா என்ற ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே எடுத்துக் கேமின் கேம்டேட்டாவுக்குள் போட்டுவிடுகிறார்கள். கேம்டேட்டாவுக்குள் கேம்டேட்டா. உள்ளே இருப்பதை மட்டும்தான் எடுத்துப் போட வேண்டும்.

அடுத்த காரணம் துணை மொட் இல்லாதது. மொடியூல் மனேஜர் இல்லாமல் பெரிய மொட்கள் பலவும் சரியாக நடக்கா. அதன் கோப்பு எந்த உள்ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல் கேம்டேட்டாவின் வாசலிலேயே இருக்க வேண்டும். லோடிங் திரையில் அது எத்தனை திருத்தங்களைப் போட்டது, எத்தனை பிழை கண்டது என்று எழுதிக் காட்டும். பிழை எண்ணிக்கை பூச்சியமாக இல்லாவிட்டால் லொக்கைப் பார்க்க அதுவே காரணம். கோள்களை மாற்றும் கொப்பர்னிக்கஸ் மொட் கேமின் பதிப்போடு இறுகக் கட்டப்பட்டது. வேறு பதிப்புக்குரியதைப் போட்டால் வேலை செய்யாது.

இந்தக் கரைச்சல் வேண்டாமென்றால் சீகான் என்ற மொட் நிர்வாகியைப் பயன்படுத்துங்கள். எதற்கு எது துணை, எது எந்தப் பதிப்புக்கு என்று அதுவே பார்த்துக்கொள்ளும். டேட்டா குறைவான வீடுகளுக்கு இன்னொரு நன்மை உண்டு. இறக்கிய ஜிப்களை அது சேர்த்து வைத்திருக்கும். ஒருவர் இறக்கியதைப் பென்டிரைவில் கொண்டுபோய் இன்னொருவரின் சீகானில் இறக்குமதி செய்யலாம். கிண்ணியாவில் இருக்கும் மருமகனின் கூட்டாளிக்கு மொட்கள் எல்லாம் இப்படித்தான் போய்ச் சேருகின்றன. புதிதாகத் தொடங்குவோர் முதலில் போட வேண்டியது கேஎஸ்பி கொம்யூனிட்டி ஃபிக்ஸஸ் என்று நினைக்கிறேன். கேமின் சொந்தப் பிழைகளைத் திருத்துகிறது, லோடிங் நேரத்தையும் குறைக்கிறது. அதற்கு ஹார்மனி, மொடியூல் மனேஜர் இரண்டும் துணை.

உண்மையான பூமியைத் தரும் ரியல் சோலார் சிஸ்டம் மொட்டை 8 ஜிபி ரேமில் போட ஆசைப்படுவோருக்கு: ரேம் ஒருபக்கம் இருக்கட்டும், உங்கள் பழைய ரொக்கெட்டுகள் அங்கே போதா. கேமின் சொந்தக் கோளான கேர்பினில் தாழ்வான சுற்றுப்பாதைக்கு ஏறக்குறைய 3,400 மீட்டர்/செக்கன் வேக மாற்றம் போதும். பூமியில் 9,400 அளவு வேண்டும். ஆனாலும் அந்த மொட்டை நான் விரும்புகிறேன். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப்பாதைக்குப் போகும் இந்திய ரொக்கெட்டுகள் எங்கள் தீவின் மேலால் போகாமல் வளைந்து செல்வதால் எரிபொருளை இழக்கின்றன. குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வளைவை நீங்களே பறந்து பார்த்தால் அதன் விலை விளங்கும்.

பொத்தான்கள் வேலை செய்யவில்லை, வெளியேறவும் முடியவில்லை

ஏவு என்று அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கட்டடத்திலிருந்து வெளியே வர முடியாது. லொக்கில் சதுர அடைப்புக்குள் ஈ, எக்ஸ், சி என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். அதில் முதலாவதுதான் முக்கியம். பின்னால் வரும் ஆயிரமும் அதன் எதிரொலியாக இருக்கலாம். அதன் கீழே உள்ள வரிகளில் ஏதாவது மொட்டின் பெயர் தெரியும். அந்த நிலையில் கேமைச் சேமிக்காதீர்கள். டாஸ்க் மனேஜரால் மூடுங்கள்.

பறக்கும்போது விசைகள் மட்டும் செத்துப்போனால் ஆல்ட்டையும் எஃப் 12ஐயும் சேர்த்து அழுத்தி, உள்ளீட்டுப் பூட்டுகள் பகுதியில் எல்லாப் பூட்டையும் நீக்குங்கள். அதற்கும் முன் கலத்தில் மின்சாரம் மிச்சம் உண்டா என்று பாருங்கள். ஆளில்லாக் கலம் மின்சாரம் தீர்ந்தாலோ தொடர்பு அறுந்தாலோ சொல் கேட்காது, அது பழுதல்ல.

கலம் தானாகச் சுழல்கிறது

ஆல்ட் பிடித்தபடி டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளை அழுத்தினால் டிரிம், அதாவது கையெடுத்த பிறகும் நிலைத்து நிற்கும் திருப்பம், மாறும். தெரியாமல் கைபட்டிருக்கும். ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் சரி.

ரொக்கெட் வாழைத்தண்டுபோல் வளைகிறது, அல்லது நடுங்கி வெடிக்கிறது

வளைவது மூட்டின் பலவீனம். பொது அமைப்புகளில் மேம்பட்ட மாற்றங்களை இயக்கினால் ஒவ்வொரு துண்டின் பட்டியலிலும் ஓட்டோஸ்ட்ரட் என்று ஒன்று வரும். கண்ணுக்குத் தெரியாத முட்டு அது. மேல் நிலைத் தாங்கிகளையும் பக்கத்துப் பூஸ்டர்களையும் பாரமான துண்டோடு கட்டினால் பெரும்பாலும் போதும். எல்லாத் துண்டுக்கும் போட்டுவிடாதீர்கள். அசையும் ரோபோ மூட்டுகளைத் தாண்டிப் போடவே கூடாது.

நடுங்கி வெடிப்பதை ஆட்டக்காரர்கள் கிரேக்கன் என்பார்கள். தசம எண்களைக் கணினி ஓரளவு துல்லியத்தோடுதான் வைத்திருக்கும். தொடக்கப்புள்ளியிலிருந்து தொலைவு கூடக்கூட அந்தத் துல்லியம் தேயும். துண்டுகள் தம் இடத்தைப் பற்றிச் சிறிது பிழையான கணக்கை நம்பி ஒன்றையொன்று தள்ளத் தொடங்கும். கலத்தோடு தொடக்கப்புள்ளியையே நகர்த்தும் ஏற்பாட்டைப் பழைய பதிப்புகளிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது நடுக்கம் வந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்று திணித்த துண்டுகள், எதிரெதிராக இழுக்கும் ஓட்டோஸ்ட்ரட்கள், அல்லது தரையில் நிற்கும் கால்கள். நடுக்கம் தொடங்கிய கணமே நேரத்தை வேகப்படுத்துங்கள். சுற்றுப்பாதையில் இருந்தால் அது இயற்பியல் கணக்கையே நிறுத்திவைக்கும். பிறகு கலத்தைத் தானாக நிலையாக வைத்திருக்கும் எஸ்ஏஎஸ்ஸை அணைத்துவிட்டு மெதுவாகத் திரும்புங்கள்.

ஏவியதும் தலைகீழாகப் புரளும் ரொக்கெட்டைப் பழுதென்று எண்ண வேண்டாம். பாரம் மேலேயும் துடுப்பு அடியிலேயும் இருக்க வேண்டும். அடர்ந்த காற்றைக் கடக்கும்வரை மூக்கைப் பயணத் திசையிலிருந்து ஐந்து பாகைக்கு மேல் திருப்பக் கூடாது. அம்புக்கு இறகு பின்னால் இருப்பது எதற்காகவோ, அதற்காகத்தான்.

ஒன்றும் சொல்லாமல் கேம் மூடிக்கொள்கிறது

ரேம் நிறைந்திருக்கும். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலை யாராவது அணைத்து வைத்திருந்தால் அதைத் தானியங்கி நிலைக்கு மாற்றுங்கள். கேமின் டெக்ஸ்சர் தரத்தைப் பாதியாக்குங்கள். பிரவுசரை மூடுங்கள்.

கரண்ட் போனது, சேமிப்புத் திறக்கவில்லை

சேமிக்கும் கணத்தில் கணினி அணைந்தால் 'பெர்சிஸ்டன்ட்' என்ற சேமிப்புக் கோப்பு வெறுமையாகிவிடலாம். பயப்படாதீர்கள். உங்கள் சேமிப்பு ஃபோல்டருக்குள் 'பேக்அப்' என்று இன்னொன்று இருக்கும். அதற்குள் திகதியோடு பழைய பிரதிகள் உள்ளன. கடைசியானதை வெளியே எடுத்து, பெயரைப் பெர்சிஸ்டன்ட் என்று மாற்றி, கெட்டதின் இடத்தில் வையுங்கள். எஃப் 5 அழுத்திச் சேமித்த 'குயிக்சேவ்' கோப்பும் இதற்கு உதவும்.

ஓர் எச்சரிக்கை. பழைய சேமிப்பைத் திறக்கமுன் அதில் பயன்படுத்திய மொட்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு துண்டின் மொட் இல்லையென்றால் அந்தக் கலத்தை ஏற்ற முடியாது என்று கேம் சொல்லும். அதை மூடிவிட்டுத் தொடர்ந்து விளையாடினால் அடுத்த சேமிப்பில் அந்தக் கலமே இருக்காது.

மருமகனின் விஷயத்தில் இதைத்தான் பயந்தேன். இரண்டு மாதத்துக்கு முன் கிண்ணியாக் கூட்டாளிக்கு மொட்களைக் கொடுத்தபோது சேவ்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துப் பென்டிரைவில் போட்டிருந்தது அவனுக்கு நான்காம் நாள்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பையன் பஸ்ஸில் கொண்டுவந்து தந்தான். உடனே திறக்கப் போனவனைத் தடுத்து, மொட்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, சேமிப்பை இன்னொரு முறை பிரதி எடுத்த பிறகுதான் திறந்தோம். நிலையம் இருந்தது. சூரியத் தகடுகள் இரண்டும் ஒரு எரிபொருள் தாங்கியும் இல்லை. அவை பிறகு சேர்த்தவை. "அது பரவாயில்ல மாமா, தகடு ரெண்டும் இண்டைக்கே அனுப்பலாம்" என்றான். விசிறி சுத்தம் செய்திருந்ததால் மணிக்கூடு பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது.